ஒன்றரை கோல்

சும்பர்வாங்கி,
செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

கடல் தாண்டிப் போயிருக்கும் தம்பி சுகெங்குக்கு அக்கா முர்வாத்தி ஸலாம் சொல்லி எழுதுவது.

நானும் உன் மச்சான் வாகிமானும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் உயிரோடு என்று எழுதுகிறேன். களிமந்தான் மரமில்லில் உனக்கு வேலை கிடைத்தது, கைக்கட்டு அவிழ்த்தாகிவிட்டது, இரண்டு விரல் மட்டும் மடங்கவில்லை என்று நீ எழுதியதைப் படித்தேன். மடங்காவிட்டால் போகட்டும். ரம்பத்துக்குப் பக்கத்தில் அந்தக் கையை நீட்டாதே.

முதலில் ஒரு விஷயம். இதைப் படித்துவிட்டு மற்றதைப் படி. நீ ஊருக்கு வராதே. கிராமத் தலைவரிடமிருந்து உனக்கு ஒரு கடிதம் வரும், அல்லது ஏற்கனவே வந்திருக்கும். கீழே என் கையெழுத்து இருக்கும். "வா தம்பி, எல்லாம் சரியாகிவிட்டது" என்று எழுதியிருக்கும். அது கள்ளக் கையெழுத்து இல்லை. நான் மனதாரப் போட்டதுதான். போட்ட பிறகுதான் புத்தி வந்தது. அதை நம்பிக் கப்பல் ஏறினாயானால் உன்னைக் குளிப்பாட்டக்கூட உடம்பு முழுசாகக் கிடைக்காது. துறைமுகம் போகும் புகையிலை லாரி நாளைக் காலை கிளம்புகிறது. அதற்குள் எழுதி முடிக்க வேண்டும் என்று அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுப்படி என்றால் சுவர் எரிந்துபோன அடுப்படி.

ஏன் வரக்கூடாது என்று சொல்வதற்கு முன் நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். "நாமதானக்கா ஜெயிச்சோம், கோப்பை நம்ம ஊருக்குத்தானே வந்துச்சு, அப்புறம் நம்ம ஊர்க்காரனே எதுக்கு என்னை மிதிச்சான்?" என்று கேட்டிருந்தாய். படித்ததும் சிரிப்பு வந்தது. அப்புறம் உன்னைப் பளாரென்று ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது. அப்புறம் அழுதேன். இத்தனை வருஷம் கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றவனுக்கு, தன் முதுகுக்குப் பின்னால் என்ன வியாபாரம் நடக்கிறது என்று தெரியவில்லையாம். மைதானத்தின் ஓரம் என் காப்பிக்கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் ஊரே பந்தயம் கட்டுகிறது. பந்தயப் பேச்சு வந்தாலே நீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாய். நல்ல பிள்ளை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சம் உட்கார்ந்து கேட்டிருக்கலாம், மடையா.

சரி, கேள். இரண்டு ஊரும் சம பலம் என்றால் பந்தயம் லெக். கொடுக்கல் வாங்கல் கிடையாது. நம் ஊர் மேல் கட்டினால், ஊர் ஜெயித்தால் எனக்குப் பணம், தோற்றால் எதிராளிக்கு, சமனில் முடிந்தால் அவரவர் காசு அவரவர் பைக்கு. இது சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் ஒரு பக்கம் பலசாலியாக இருந்தால் மெலிந்தவன் மேல் எவன் கட்டுவான்? பந்தயமே நடக்காது. அதனால் பலசாலி ஆட்டம் தொடங்கும் முன்பே எதிராளிக்குக் கோல் கொடுத்துவிட வேண்டும். வாய்ப்பேச்சில் மட்டும். ஓட்டப் பந்தயத்தில் சின்னவனை நாலடி முன்னால் நிற்க வைப்போமே, அதுபோல. இதற்குத்தான் பூர் என்று பெயர்.

அரை கோல் பூர் என்பார்கள். பந்து பாதி மட்டும் உள்ளே போகாது, எனக்கும் தெரியும். சமன் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் செய்யத்தான் அந்த அரை. அரை பூர் கொடுத்த ஊர் ஜெயித்தே ஆக வேண்டும். சமனில் முடிந்தால் அந்த ஊர் மேல் கட்டியவன் தோற்றான். ஒரு கோல் பூர் என்றால், ஒரே ஒரு கோலில் ஜெயித்தால் கட்டியது திரும்பி வரும், லாபமும் இல்லை நட்டமும் இல்லை. ஒன்றரை பூர் என்றால் இரண்டு கோல் வித்தியாசம் வேண்டும். ஒரு கோலில் ஜெயித்தால் கட்டிய காசு போச்சு. ஊர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஆடும், கட்டியவன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசிப்பான்.

இதையெல்லாம் உனக்கு முதல்தடவையாகச் சொல்கிறேன் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

எதிர்த்து ஆடிய கராங்சோனோவுக்கு அன்றைக்கு நம் ஊர் கொடுத்தது ஒன்றரை. சுரபாயாவிலிருந்து கூலிக்கு ஆட்டக்காரர்களை இறக்கியிருந்தோம் அல்லவா, ஊருக்கே தலை கால் புரியவில்லை. பள்ளிவாசலைத் தவிர எல்லாரும் நம் ஊர் மேல் கட்டினார்கள். எல்லாருக்கும் எதிர்ப்பக்கம் நின்று பந்தயப் பணம் பிடித்தது மர்சுகி. மாட்டை வைத்தவன் உண்டு, அறுக்காத புகையிலையை வைத்தவன் உண்டு. உன் மச்சான் என்னிடம் சொல்லாமல் பைக்கை வைத்தார். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது, அந்தச் சண்டை வேறு பாக்கி இருக்கிறது.

இரண்டு பூஜ்யம் என்று ஆட்டம் முடியப்போகும்போது என் கடையில் ஒருவன் காப்பிக்குக் காசு கொடுக்காமல் என் கையைப் பிடித்து ஆடினான். அப்போதுதான் அந்தக் கராங்சோனோக்காரன் உன் முழங்காலில் மோதி விழுந்தான். பந்து உன் கையில் இருந்தது. அவன் கண் செருகி, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. நீ பந்தைத் தரையில் வைத்துவிட்டு அவன் தலையைத் தூக்கப் போனாய். நடுவர் ஊதவில்லை. பின்னால் வந்தவன் பந்தைச் சும்மா தட்டி உள்ளே விட்டான். அவனைத் தடுக்க வேண்டிய கூலி ஆட்டக்காரன் பென்னி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். நீ என்ன செய்தாய்? தலையை ஆட்டிச் சிரித்தாய். போகட்டும், ஒன்றுதானே என்பது போலக் கையை விசிறினாய்.

விசில் ஊதினார்கள். கராங்சோனோக்காரர்கள் தோற்றுப்போய்க் குதித்தார்கள். நம் ஆட்கள் ஜெயித்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். அந்தக் கூட்டத்தில் சிரித்த ஒரே சும்பர்வாங்கிக்காரன் நீ. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய, நேராக நம் ஆட்களை நோக்கி ஓடினாய். நான் கடையிலிருந்து கத்தினேன், ஓடாதே, அந்தப் பக்கம் போகாதே என்று. உனக்குக் கேட்கவில்லை. நீ சிரிக்காமல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்திருந்தால் நாலு கெட்ட வார்த்தையோடு போயிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

உன்னை அடித்ததை நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கொடி கட்டிய மூங்கிலைப் பிடுங்கி முதுகில் இறக்கியது நாவிதர் பைமோ. உன் முதல் முடியை எடுத்த மனுஷன். விழுந்த பிறகு உன் கையைத் தேடித் தேடி மிதித்தார்கள், பந்து பிடித்த கையை. நான் கூட்டத்துக்குள் பாய்ந்து ஒருவன் காதைக் கடித்தேன். யார் காது என்று தெரியவில்லை, வாயில் ரத்தம் மட்டும் மிச்சம். நீ கரும்புக்குள் புகுந்து ஓடியதைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தேன். மக்ரிப் பாங்கு சொல்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முதலில் உன் பனியன், கையுறை எல்லாவற்றையும் முற்றத்தில் போட்டு எரித்தார்கள். அதோடு போயிருப்பார்கள். காற்று வந்தது, ஓலை பிடித்துக்கொண்டது. ஆட்டுக்கொட்டில் தாழைத் திறக்க நான் ஓடியபோது ஒருவன் என் முடியைப் பிடித்து இழுத்துத் தரையில் தேய்த்தான். ஆடுகள் உள்ளே கத்தின. அந்தச் சத்தம் மனுஷச் சத்தம் மாதிரியே இருந்தது. இப்போதும் காதில் இருக்கிறது.

உன் மச்சானை வேலியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு "மச்சினனை எங்கடா ஒளிச்சு வச்சிருக்க?" என்று கேட்டார்கள். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அரிவாளைக் காலருகே கொண்டுபோனார்கள். அந்த நேரத்திலும் அந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "நானும் பைக்கைத் தோத்தவன்டா. அவன் கிடைச்சா எனக்கும் ஒரு உதை மிச்சம் வைங்கடா" என்றார். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மூன்றாமவன் சிரிக்கவில்லை. வலது குதிகால் நரம்பை ஒரே இழுப்பில் அறுத்துவிட்டான். தேங்காய் நார் அறுபடும் சத்தம்தான் கேட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார். காலைக் கையில் பிடித்துக்கொண்டு, வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். இனி ஊன்றுகோல்தான். நேற்றுகூட "உன் தம்பி அந்தப் பந்தை ஒரு குத்து விட்டிருக்கலாம்டி" என்று முணுமுணுத்தார். கோபமில்லை. அவர் பேச்சே அப்படித்தான்.

நான் ஒருத்தி மட்டும் ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். ஊர் முழுக்க ஒரே பக்கம் கட்டினால் பூர் ஏற வேண்டும். ஒன்றரை என்று ஆரம்பித்தது இரண்டாக வேண்டும், இரண்டரையாக வேண்டும். அப்படி ஏற்றினால்தான் பணம் பிடிக்கிறவனுக்குப் பயம் தெளியும், இல்லாவிட்டால் பட்டணத்துப் பெரிய ஆளிடம் பாதியைத் தள்ளிவிடுவான். எப்போதும் அப்படித்தான் நடக்கும், நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் காலையிலிருந்து மதியம் வரை மூட்டை மூட்டையாக ஒரு தட்டில் ஏற்றினார்கள், தராசு அசையவே இல்லை. மர்சுகி ஒன்றரையிலேயே நின்றான். யாருக்கும் தள்ளிவிடவும் இல்லை. வருகிறதை எல்லாம் சிரித்த முகத்தோடு வாங்கிப் போட்டுக்கொண்டான். என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தவன் மட்டும்தான் அப்படி வாங்குவான். பென்னி கோப்பை கொடுக்கும்வரைகூட நிற்கவில்லை, சட்டையை மாற்றாமல் யாருடைய பைக்கிலோ ஏறிப் போய்விட்டான்.

இதை நான் கடையில் சொல்ல வாயெடுப்பதற்கு முன்னாலேயே மர்சுகி முந்திக்கொண்டான். சுகெங் கராங்சோனோக்காரனிடம் காசு வாங்கிவிட்டான், அந்தக் காசில்தான் கப்பல் ஏறினான் என்று கடைத்தெருவில் நின்று சொன்னான். அது நான் தோடு விற்றுக் கொடுத்தனுப்பிய காசு, என் காதைப் பாருங்கள் என்று நான் கத்தினேன். யாரும் பார்க்கவில்லை. தோற்றவனுக்குக் கூலி ஆட்டக்காரனைவிடச் சொந்த ஊர்க்காரனைத் திட்டுவது சுலபமாக இருந்தது போலிருக்கிறது.

பிறகு கிராமத் தலைவர் கூட்டம் போட்டார். பள்ளிவாசல் பெரியவர் கியாய் முக்தார் வந்திருந்தார். சுகெங் வரட்டும், பள்ளிவாசலில் பிணத்துக்குச் சுற்றும் கபன் துணி சுற்றிப் படுத்து, நான் கோலை விற்கவில்லை என்று குர்ஆன் மேல் சத்தியம் செய்யட்டும், அதோடு விவகாரம் முடிந்தது, எவனும் அவன் மேல் கை வைக்கக்கூடாது என்று பேசி முடித்தார்கள். உன்னைப் படகுத்துறையிலிருந்து பள்ளிவாசலுக்கும், பள்ளிவாசலிலிருந்து மறுபடி துறைக்கும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க மூன்று பேர் முன்வந்தார்கள். மர்சுகியின் மைத்துனன் ஒருவன், நாவிதர் பைமோ, தலைவரின் டிரைவர். பைமோ என் முன்னால் அழுதார். அடித்த பாவத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்றார். நானும் அழுதேன். அந்தச் சந்தோஷத்தில்தான் உனக்குக் கையெழுத்துப் போட்டேன். வரும்போது மச்சானுக்கு நல்ல பிரம்பு ஊன்றுகோல் வாங்கி வா என்று ஒரு வரிகூடச் சேர்த்தேன்.

நேற்று மதியம் கடையில் கூட்டம் இல்லை. நான் பின்னால் அடுப்புக்கு ஊதிக்கொண்டிருந்தேன். முன் பெஞ்சில் பேச்சு கேட்டது. புதுப் பந்தயம் ஒன்று ஓடுகிறது. எந்த ஆட்டத்துக்கு என்று காதைக் கொடுத்தேன். ஆட்டத்துக்கு இல்லை. உன் மேல். நீ வந்து, சத்தியம் செய்து, உயிரோடு ஊர் எல்லை தாண்டுவாயா மாட்டாயா என்று கட்டுகிறார்கள்.

எனக்கு முதலில் கோபம்கூட வரவில்லை, பூர் என்ன என்றுதான் கேட்கத் தோன்றியது. பழக்கம் அப்படி. முதல் நாள் லெக்காம். பாதிப் பேர் தாண்டுவான், பாதிப் பேர் தாண்டமாட்டான். அது சரி, ஒன்றும் தெரியாத ஊர் அப்படித்தான் பிரிந்து கட்டும். ஆனால் கூட்டம் முடிந்த மறுநாளிலிருந்து விலை ஒரே பக்கமாகச் சரிந்திருக்கிறது. தாண்டுவான் என்று கட்டுகிறவனுக்கு ஒன்றுக்கு இரண்டு, அப்புறம் மூன்று, நேற்று ஐந்து தருகிறேன் என்று கூவியும் கட்ட ஆளில்லை. புரிகிறதா தம்பி? ஒன்றுக்கு ஐந்து கொடுத்தும் ஒருவன் வாங்கவில்லை என்றால் முடிவு எங்கேயோ பேசியாகிவிட்டது. இதைத்தான் உனக்குப் புரியவைக்க மேலே அத்தனை பாடம் எடுத்தேன். மனுஷன் வாயால் என்ன வாக்கு வேண்டுமானாலும் கொடுப்பான், காசை எந்தப் பக்கம் வைக்கிறான் என்று பார்க்க வேண்டும்.

காசை வைத்தது யார் என்று கேட்கிறாயா? தாண்டமாட்டான் என்று முதலில் கட்டியது மர்சுகியின் மைத்துனன். அப்புறம் அந்த டிரைவர். பெஞ்சில் ஒருவன், "பைமோவும் கட்டிட்டாருல்ல, இனிமே என்னத்தப் பாக்குறது?" என்று சிரித்தான். உன்னைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்ற மூன்று பேரும், நீ போய்ச் சேரமாட்டாய் என்று கட்டியிருக்கிறார்கள்.

மைத்துனன் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். நான் வெளியே வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு "அக்கா, ஒரு காப்பி" என்றான். சாதாரணமாகக் கேட்டான். அடுப்பிலிருந்த கெட்டிலை அப்படியே எடுத்து வந்து அவன் மடியில் கவிழ்த்தேன். அவன் பெஞ்சோடு பின்னால் விழுந்தான். தொடைத் தோல் கால்சட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவன் அலறிய அலறலுக்குத் தெருவே வந்துவிட்டது. கெட்டில் பிடித்த என் உள்ளங்கையும் வெந்துதான் போயிற்று, அதனால்தான் எழுத்து இப்படிக் கோணுகிறது. செய்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. கெட்டில் நெளிந்துபோனதுதான் வருத்தம்.

தெரு கூடியதும் நல்லதாகப் போயிற்று. அவ்வளவு பேரையும் பின்னால் வரவைத்துக்கொண்டு தலையில் முக்காடுகூடச் சரியில்லாமல் பள்ளிவாசலுக்கு நடந்தேன். கியாய் முக்தாரும் தலைவரும் மர்சுகியும் அங்கேதான் இருந்தார்கள். என் தம்பி வரமாட்டான், அவனுக்குப் பதிலாக அவன் ரத்தம் நான் கபனில் படுக்கிறேன் என்றேன். முடியுமா என்று தலைவர் கியாயைப் பார்த்தார். கியாய் யோசித்துவிட்டு, கூடப் பிறந்தவள் செய்யலாம், ஆனால் குற்றம் சாட்டியவனும் சத்தியம் செய்ய வேண்டும், அதுதான் முறை என்றார். நான் அதற்காகத்தான் காத்திருந்தேன்.

"மர்சுகி அண்ணே, பக்கத்துல இடம் இருக்கு. நீங்களும் படுங்க. என் தம்பி வித்தான்னு துணிக்குள்ள இருந்து சொல்லுங்க" என்றேன்.

அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. உதடு வெளுத்துப்போயிற்று. எனக்கு நெஞ்சு வலி இருக்கிறது, டாக்டர் படுக்கக்கூடாது என்றிருக்கிறார் என்றான். நெஞ்சு வலிக்காரன் எங்கேயாவது படுக்காமல் நின்றுகொண்டே தூங்குகிறானா என்று பின்னாலிருந்து எவனோ கேட்டான். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நேற்றைக்கு ஒரு வாய்ச் சோறு மாதிரி இருந்தது. வேறு வழியில்லாமல் மர்சுகி சரி என்றான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் இரண்டு பேரையும் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, தலைமாட்டில் முடிச்சுப் போட்டுப் படுக்க வைப்பார்கள். பொய் சொன்னவன் நாற்பது நாளுக்குள் அந்தத் துணியிலேயே போவான் என்பது ஊர் நம்பிக்கை. நானும் அதை நம்புகிறவள்தான்.

இன்றைக்குக் காலையில் வாசலில் கழுத்தறுத்த கோழி ஒன்று கிடந்தது. மதியம் கடைக் கூரை மேல் கல் விழுந்தது. வெள்ளிக்கிழமைக்குள் என்னையும் ஊரைவிட்டு ஓட வைத்தால் சத்தியமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று பார்க்கிறார்கள். நான் எங்கே ஓடுவது? குதிகால் இல்லாத மனுஷனைத் தோளில் போட்டுக்கொண்டா? மச்சான் கட்டிலில் அரிவாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். எவனாவது உள்ளே வந்தால் எழுந்திருக்க முடியாது, ஆனால் குனிந்து வருகிறவன் கழுத்து எட்டும் என்கிறார்.

வெள்ளிக்கிழமை மர்சுகி வந்து படுத்துவிட்டால் அவன் பாடு. வராவிட்டால் ஊருக்கே விளங்கிவிடும், அப்புறம் அவன் வீட்டு ஓலையும் எரியும். எரியட்டும் என்றுதான் என் மனசு சொல்கிறது, மறைப்பானேன். எப்படியானாலும் உன் பேர் அதோடு கழுவப்பட்டுவிடும். ஆனால் அதற்காக நீ வந்துவிடாதே. பேர் சுத்தமானவனையும் வெட்டுவார்கள், காசு தோற்றவர்கள். அங்கேயே ஒரு நல்ல பெண்ணாகப் பார்த்துக் கட்டிக்கொள். அவளிடம் உன் அக்கா நல்லவள், வாய்தான் கொஞ்சம் என்று சொல்.

ஒன்றே ஒன்று எழுதாமல் முடிக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. உன் கடிதத்தை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். ஏன் அடித்தார்கள் என்று கேட்டிருக்கிறாய். மச்சான் எப்படி, ஆடு எப்படி என்று கேட்டிருக்கிறாய். நான் வாங்கவில்லை அக்கா என்று அதில் ஒரு வரி இல்லை. எழுதத் தோன்றியிருக்காது. உன்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்றே உனக்குத் தெரியாதே, பிறகு எப்படி எழுதுவாய்? நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

எல்லோரும் கலைந்த பிறகு கியாயிடம் தனியாக ஒன்று கேட்டேன். மனசார நம்பிச் சத்தியம் செய்கிறவளுக்கு, அவள் நம்பியது தப்பாகவே இருந்தாலும், துணி பழி வாங்குமா என்று கேட்டேன். தெரிந்து பொய் சொல்கிறவரைத்தான் அது பிடிக்கும் மகளே, தெரியாமல் சொன்னவளை அல்லாஹ் பிடிக்கமாட்டான் என்றார். ஏன் கேட்கிறாய் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. அவர் நல்லவர்.

ஆகையால் தம்பி, இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுதும்போது மில்லைப் பற்றி எழுது, சாப்பாட்டைப் பற்றி எழுது, மழை பெய்கிறதா என்று எழுது. அந்தக் கோலைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல் எழுதாதே. நாற்பது நாள் கழிந்த பிறகும் எழுதாதே. எனக்குத் தெரிந்தது எனக்குப் போதும். அந்தப் பையன் தலையை நீ தூக்கிப் பிடித்ததை என் கண்ணால் பார்த்தேன், அதை வைத்துக்கொண்டு நான் படுக்கிறேன்.

நீ இருக்குமிடத்தில் உன் கைக்கும் காலுக்கும் ஒரு குறையும் வராமல் அல்லாஹ் பார்த்துக்கொள்ளட்டும். வேளைக்குச் சாப்பிடு.

உன்னைச் சுமந்து வளர்த்த அக்கா,
முர்வாத்தி